பார்கோடு ஒட்டும் முன் எண் கொடுங்கள்

பொருளின் பெயர், விலை எல்லாம் பார்கோடின் கறுப்புக் கோடுகளுக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கடைச் சாமான்களில் நாம் பார்க்கும் பார்கோடில் இருப்பது ஓர் எண் மட்டுமே. பெயரும் விலையும் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ட்ராய் நகர சூப்பர் மார்க்கெட் ஒன்றில் ரிக்ளி சூயிங்கம் பாக்கெட் ஸ்கேன் செய்யப்பட்டபோதும் இதுதான் நடந்தது. ஸ்கேனர் எண்ணைப் படித்தது. கம்ப்யூட்டர் விலையைத் தேடிக் கொடுத்தது.

எனவே ஒழுங்காக எண் கொடுத்துவிட்டாலே பார்கோடு வேலையில் முக்கால்வாசி முடிந்துவிடும். எலெக்ட்ரிக்கல் சாமான்களை மொத்த வியாபாரம் செய்யும் நண்பரின் குடோனில் இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். அங்கே 16 ஆம்பியர் எம்.சி.பி.யும் 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். 16 கேட்டவருக்கு 32 போய்விட்டால், ஒயர் சூடேறினாலும் அது டிரிப் ஆகாமல் இருக்கலாம். தீ விபத்துக்கே வழி செய்துவிடும். எது எங்கே என்று அறிந்தவர் ஸ்டோர் கீப்பர் ஒருவர்தான். அவர் லீவு போட்டால் குடோனே தடுமாறும்.

எண் கொடுப்பது எப்படி?

அவரோடு உட்கார்ந்து எக்செல்லில் பட்டியல் தயாரித்தேன். கம்பெனி மாறினாலும் ஆம்பியர் மாறினாலும் தனி எண். 10001ல் தொடங்கினோம். 00001 என்று டைப் செய்தால் எக்செல் முன்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கிவிடும்.

எண்ணுக்குள் விலையையோ ரேக்கையோ புகுத்தாதீர்கள். சரக்கு இடம் மாறினால் அந்த எண் பொய்யாகிவிடும். ரேக்குகளுக்குத் தனி லேபிள் ஒட்டுங்கள். 03-2 என்றால் மூன்றாவது ரேக், இரண்டாவது தட்டு. விற்பனையை நிறுத்திவிட்ட பொருளின் எண்ணை இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். பழைய பில்களைப் பார்க்கும்போது குழப்பம் வரும்.

லேபிள் அச்சிடுதல்

கூகுள் பாண்ட்ஸ் தளத்தில் 'லிப்ரே பார்கோடு 39' என்ற பாண்ட் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் செய்தபின் எண்ணுக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி சேர்த்து *10001* என்று டைப் செய்து, இந்த பாண்ட்டைத் தேர்ந்தெடுங்கள். எண் கோடுகளாக மாறிவிடும். கோடுகளின் இரு பக்கமும் வெள்ளை இடம் தாராளமாக விடுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்கேனர் திணறும். கீழே எண்ணையும் பொருளின் பெயரையும் சாதாரண எழுத்தில் அச்சிடுங்கள். கோடுகள் கிழிந்துபோனாலும் எண்ணை டைப் செய்துகொள்ளலாம். பில் மெஷின் போல சூட்டில் அச்சாகும் தெர்மல் தாள் வெயிலிலும் வெப்பத்திலும் மங்கிவிடும். ரேக் லேபிளுக்கு லேசர் பிரிண்டரே நல்லது.

ஸ்கேனரும் ஒரு கீபோர்டுதான்

சாதாரண யு.எஸ்.பி. ஸ்கேனரை இணைத்தால் கம்ப்யூட்டர் அதைக் கீபோர்டாகவே எடுத்துக்கொள்ளும். நோட்பேடைத் திறந்து ஒரு லேபிளை ஸ்கேன் செய்து பாருங்கள். எண் டைப் ஆகி, பெரும்பாலும் என்டர் தட்டியது போலக் கர்சர் அடுத்த வரிக்குப் போகும். எக்செல்லிலும் இப்படியே. பில்லில் உள்ள எண் ஒரு காலத்தில், பெட்டியை ஸ்கேன் செய்த எண் அடுத்த காலத்தில். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் சிவப்பாகக் காட்டும்படி கண்டிஷனல் பார்மேட்டிங் அமைத்தேன். சிவப்பு வந்தால் பெட்டி வண்டியில் ஏறாது.

ஒன்றை மறக்காதீர்கள். 32 ஆம்பியர் பெட்டியில் 16க்கான லேபிளை ஒட்டிவிட்டால் ஸ்கேனர் அதையும் சரி என்றே சொல்லும். அதனால் ஒட்டுகிறவர் ஒருவர், பெட்டியில் அச்சாகியிருப்பதைப் படித்துச் சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று வைத்தோம். சரிபார்க்கும் வேலை ஸ்டோர் கீப்பருடையது. சரக்கைப் பார்த்ததும் அடையாளம் சொல்ல அவரை விட்டால் அங்கே வேறு ஆள் கிடையாது.