மேல்மாடி கட்டுவதற்கு முன்: பழைய சீற்றை எப்படி இறக்குவது?

இரத்மலானையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் மாமாவின் வீடு இருக்கிறது. 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவர். வெள்ளவத்தையில் சில வருடங்கள் வாடகை அறையில் இருந்துவிட்டு இந்தக் காணியை வாங்கினார். இரண்டு அறை, ஒரு குசினி, மேலே அஸ்பெஸ்டஸ் சீற். மகனுக்குக் கலியாணம் பேசி முடித்ததும் மேலே இரண்டு அறை எடுக்க முடிவு செய்தார். மூன்று கிழமையாகப் பெயின்ற் கடை அட்டைகளை விரித்து வைத்துச் சுவருக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போன சனிக்கிழமை, நான்கு பொடியன்மார் கூரையில் ஏறி நின்று சீற்றுகளைச் சுத்தியலால் அடித்து உடைத்து முற்றத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி அந்தத் தூசைத் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்தா. "ரெண்டு மணித்தியாலத்தில முடிஞ்சிடும் தங்கச்சி" என்றார் மேசன். நிறத்தைப் பற்றி மூன்று கிழமை யோசித்த வீட்டில், இந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி ஒருவரும் யோசித்திருக்கவில்லை.

அஸ்பெஸ்டஸ் சீற் என்பது சீமெந்தும் கல்நார் இழையும் கலந்து செய்யப்பட்டது. பத்தில் ஒரு பங்கு அளவில் இழை இருக்கும். சீற் முழுதாகக் கூரையில் கிடக்கும்வரை பெரும்பாலான இழைகள் சீமெந்துக்குள் இறுகி இருக்கும். உடைக்கும்போதும், அரியும்போதும், துளையிடும்போதும், பாசியை உரஞ்சிக் கழுவும்போதும் அவை காற்றில் கிளம்புகின்றன. கண்ணுக்குத் தெரியாத இழைகள். நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. நுரையீரல் புற்றுநோயும், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமா என்ற புற்றுநோயும் இதனால் வரலாம். வருவதற்கு 20, 30, 40 வருடங்கள்கூட ஆகும். அதனால்தான் "நாங்கள் இவ்வளவு காலம் இதுக்குக் கீழதானே இருந்தனாங்கள்" என்ற பேச்சு ஆதாரமாகாது. இங்கே விற்கப்படும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் ஆபத்தில்லாதது என்று தொழிற்துறையினர் சொல்வதுண்டு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

அப்படியானால் ஏன் இன்னும் விற்கிறார்கள்? இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் தடைசெய்யப்பட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியையும் 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்த அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை உலகத்துக்கு அதிகம் விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களுக்குள் கொழும்பு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைப் பின்போட்டது; தேயிலைத் தடையும் நீங்கியது. எங்கள் கூரையில் என்ன கிடக்க வேண்டும் என்பதை ஒரு வண்டு தீர்மானித்த கதை இது.

இது கொழும்புக்கு மட்டும் உரிய பிரச்சினையும் அல்ல. வன்னியில் ஷெல் விழுந்து நொறுங்கிய சீற்றுத் துண்டுகளைக் கிணற்றடியிலும் கோழிக்கூட்டிலும் பாத்தி வரம்பிலும் வைத்திருக்கும் வளவுகளை நான் பார்த்திருக்கிறேன். மீள்குடியேறிய கையோடு கிடைத்ததை வைத்து மறைப்புக் கட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தத் துண்டுகளில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிறார்கள்.

சீற்றை இறக்கத்தான் வேண்டும் என்றால் உடைக்காமல் இறக்க வேண்டும். முதலில் தண்ணீரால் நன்றாக நனையுங்கள். நனைந்த சீற்றிலிருந்து தூசு கிளம்புவது குறைவு. சீற் வழுக்கும், பாரம் தாங்காமல் உடைந்து ஆளோடு கீழே விழும். ஆகவே அதன்மேல் ஏறாமல் சாரம் கட்டியோ பலகை போட்டோ வேலை செய்ய வேண்டும். ஆணியையும் கொழுக்கியையும் வெட்டி எடுத்து, சீற்றை முழுதாகக் கைமாற்றிக் கீழே இறக்கி, தடித்த பொலித்தீனால் சுற்றிக் கட்டுங்கள். விழுந்த தூசைத் தும்புத்தடியால் கூட்டக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் பொதிக்குள் போட வேண்டும். துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இதற்கு உதவாது. பி100 அல்லது எஃப்எஃப்பி3 தரம் வேண்டும். வேலை செய்த உடுப்பை வீட்டு உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். பிள்ளைகளை அன்று வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, புதிதாக என்ன போடுவது? பழைய ஒரு மாடி வீட்டின் மேல் கட்டும்போது பாரம்தான் முதற் கேள்வி. 100 சதுர அடிக்கு ஓடு சுமார் 400 கிலோ வரும். இழைச் சீமெந்துச் சீற் 120 முதல் 150 கிலோ. 'அமானோ' என்று நாங்கள் பொதுவாகச் சொல்லும் பூச்சிட்ட உருக்குத் தகடு 45 கிலோ அளவுதான். ஓடு குளிர்ச்சியானது, நீடித்து உழைக்கும், எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் அத்திவாரம் தாங்குமா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். மேசனின் ஊகம் போதாது. அஸ்பெஸ்டஸ் கலக்காத இழைச் சீமெந்துச் சீற்றுகளும் இப்போது சந்தையில் உண்டு. வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. பொதியில் எழுதியிருப்பதை வாசித்து, பற்றுச்சீட்டிலும் எழுதி வாங்குங்கள்.

இரத்மலானை, வெள்ளவத்தை போன்ற இடங்களில் தகட்டின் எதிரி உப்புக்காற்று. துரு தகட்டின் நடுவில் தொடங்குவதில்லை. வெட்டிய விளிம்பிலும் ஸ்குரூ தலையிலும் தொடங்கும். கிறைண்டரால் வெட்டினால் பூச்சு எரிந்துபோகும், தெறிக்கும் இரும்புத் தூளும் தகட்டில் ஒட்டித் துருப்பிடிக்கும். தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டச் சொல்லுங்கள். ஈரச் சீமெந்து தகட்டில் பட்டு நிற்க விடாதீர்கள். கடலுக்குக் கிட்டவுள்ள வீடுகளுக்கு உத்தரவாதம் செல்லாது என்று பல கம்பனிகள் சின்ன எழுத்தில் போடுகின்றன. வாங்க முன்னரே கேளுங்கள். வெக்கையும் உண்டு. 2016 அளவில் வடக்கு கிழக்குக்கென அரசாங்கம் கொண்டுவந்த 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை எங்கள் சனம் எதிர்த்தபோது சொன்ன காரணங்களில், சூடும், பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்ட முடியாது என்பதும் முக்கியமானவை. ஆகவே தகடு போட்டால் அதன்கீழ் வெப்பத் தடுப்புப் படலம் அவசியம், சூடான காற்று வெளியேற வழியும் வேண்டும்.

சுவரைப் பற்றிச் சுருக்கமாக. வெடிப்பு பெரும்பாலும் பழைய சுவரும் புதிய சுவரும் சந்திக்கும் இடத்தில்தான் வரும். அங்கே கம்பி வலை வைத்துப் பூச வேண்டும். உப்புக் கழுவாத கடல் மணலில் பூசினால் பெயின்ற் பொருக்கு விட்டு உதிரும். பூச்சு முடிந்து நான்கு கிழமையாவது காயவிட்டு, பிறகு சீலர், பிறகு வெளிச்சுவர்ப் பெயின்ற். கலியாணத் திகதி நெருங்குகிறது என்று பத்தாம் நாள் அடித்தால் அந்தக் காசு சுவரோடு போகும். தென்மேற்குப் பருவமழை அடிக்கும் பக்கத்தில் தாவாரத்தை அகலமாக விடுங்கள். விலை கூடிய பெயின்றைவிட அது சுவரைக் காக்கும்.

காலி வீதிக் கடைகளைப் பார்த்து, முகப்புக்கு மினுங்கும் அலுமினியப் பலகை ஒட்டலாமா என்று மாமா கேட்டார். 2017 ஜூனில் லண்டன் கிரென்ஃபெல் மாடிக் கட்டடத்தில் 72 பேர் இறந்த தீ, உள்ளே பிளாஸ்ரிக் வைத்த அத்தகைய பலகைகள் வழியாகத்தான் ஏறிப் பரவியது. பூச்சும் பெயின்றும் போதும் என்றேன். முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

மேல்மாடிக்குத் தெகிவளை–கல்கிசை மாநகர சபையின் அனுமதி வேண்டும். அதற்குப் போகும்போதே பழைய சீற்றை எங்கே ஒப்படைப்பது என்றும் கேளுங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபையிடமும் கேளுங்கள். சாதாரணக் குப்பை லொறியில் ஏற்றுவதற்கோ, பள்ளக் காணி நிரப்புவதற்கோ உரிய பொருள் அல்ல அது.

அன்று மிச்சமிருந்த 14 சீற்றுகளும் நனைத்து முழுதாக இறக்கப்பட்டன. அவை இப்போது மாமாவின் மதிலோரம் கறுத்தப் பொலித்தீனுக்குள் கிடக்கின்றன. கோழிக்கூட்டுக்கு இரண்டு தரச் சொல்லி அயல்வீட்டார் ஏற்கெனவே இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டார்கள்.