எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவெடுக்க முன் கேட்கவேண்டிய ஒரு கேள்வி

ஒன்ராறியோவில் தைப்பொங்கலும் பல்கலைக்கழக விண்ணப்பமும் ஏறக்குறைய ஒரே நாளில் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் தை 15ஆம் திகதி அளவில் விண்ணப்பித்துவிட வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் நடக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரிந்ததே. எஞ்சினியரிங்கா, கணக்கியலா? எது பெயர்பெற்ற இடம்? எவ்வளவு காசு கட்டவேண்டும், ஓசாப் எவ்வளவு கிடைக்கும்? வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாமா?

இவையெல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒன்றை மட்டும் நாங்கள் கேட்பதில்லை. படிக்கப் போன இடத்தில் பிள்ளையின் மனம் சோர்ந்து போனால் அங்கே யார் பார்ப்பார்கள்?

நான் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. ஓ.எல்லுடன் படிப்பை நிறுத்தியவன். பல்கலைக்கழகத்தைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். என்னோடு இரவு ஸிப்றில் வேலை செய்யும் ஒரு அண்ணனின் வீட்டில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. அவருடைய மகன் நல்ல கெட்டிக்காரன். எஞ்சினியரிங் கிடைத்தது. முதல் வருடம் ஐப்பசி மாதப் பரீட்சையில் இரண்டு பாடம் பிழைத்துவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. மாசி மாதத்துக்குப் பிறகு வகுப்புக்கே போகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்டான். பகல் முழுக்க ஒரு மோலில் இருந்துவிட்டுப் பின்னேரம் வீட்டுக்கு வந்தான். தாய் தகப்பனுக்குத் தெரிய வந்தபோது கோடை தொடங்கிவிட்டது.

அவன் படித்த இடத்தில் உளவளத்துணை நிலையம் இருந்தது. வைத்தியரும் இருந்தார். அது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவனுக்கும் அது யாரோ வேறு ஆட்களுக்கு என்ற எண்ணம். இப்போது அவன் சுகமாகி, வேறொரு கல்லூரியில் மூன்று பாடங்களாக எடுத்துப் படிக்கிறான். அதுவரை அந்தக் குடும்பம் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து ஏன் கூடுதல் என்று யோசித்துப் பாருங்கள். ஒன்ராறியோவில் பதின்மூன்றாம் வகுப்பு 2003இல் நின்றுவிட்டது. அதனால் பல பிள்ளைகள் 17 வயதிலேயே பல்கலைக்கழகம் போகிறார்கள். நூற்றுக்கணக்கானோர் இருக்கும் விரிவுரை மண்டபத்தில் பெயர் கூப்பிட்டு வரவு பார்க்க ஆள் இல்லை. வன்னியில் 2009இல் கைக்குழந்தைகளாகப் பதுங்கு குழிக்குள் இருந்தவர்கள் இப்போது பல்கலைக்கழக வாசலுக்கு வருகிறார்கள். அந்தப் பிள்ளைக்கு அது நினைவில் இராது. ஆனால் அதைக் கண்ட தாய் தகப்பனோடுதான் அது வளர்ந்தது. அதற்கு மேல், "உனக்காகத்தானே இவ்வளவு பாடுபட்டு வந்தனாங்கள்" என்ற சொல்லையும் தினமும் கேட்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை தோற்றுவிட்டேன் என்று வீட்டில் எப்படிச் சொல்லும்?

ஊரில் நாங்கள் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே பைத்தியத்துக்கு மறுபெயராக்கி வைத்திருந்தோம். அந்தப் பயம் விமானம் ஏறி எங்களோடு வந்துவிட்டது. உளவளத்துணை வெள்ளைக்காரரின் பழக்கம் என்றும் சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலேயே உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் பல வருடங்கள் எங்கள் சனத்துக்கு இந்தச் சிகிச்சையைச் செய்தார்கள்.

ஆகவே பல்கலைக்கழகத்தையோ கல்லூரியையோ பார்க்கப் போகும் நாளில், நூலகத்தையும் விடுதியையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல் இவற்றையும் கேளுங்கள்.

1. உளவளத்துணையாளரை முதல் தடவை சந்திக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்? அவசரம் என்றால் அன்றைக்கே பார்ப்பார்களா? எத்தனை தடவை பார்ப்பார்கள்? இரவிலும் சனி ஞாயிறிலும் யார் இருக்கிறார்கள்?

2. அங்கேயே வைத்தியரும் உளமருத்துவரும் உண்டா? குடும்ப வைத்தியரையும், அவர் அனுப்பும் உளமருத்துவரையும் ஓஹிப் அட்டையுடன் காசில்லாமல் பார்க்கலாம். வெளியே தனியார் உளவியலாளரிடம் போனால் ஓஹிப் கட்டாது. அதனால் படிக்கும் இடத்தில் என்ன இருக்கிறது என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்குப் பெரிய விஷயம்.

3. மாணவர் காப்புறுதியில் இதற்கு வருடத்துக்கு எவ்வளவு தருவார்கள்? தகப்பனின் வேலைத்தலத்தில் காப்புறுதி இருந்தால் மாணவர் காப்புறுதியை வேண்டாம் என்று சொல்லி அந்தக் காசைத் திருப்பி எடுக்கப் பல இடங்களில் வழி உண்டு. எடுக்கும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல்லுக்கும் கண்ணாடிக்கும் தருகிற எங்கள் காப்புறுதி, உளவியலாளருக்குத் தராமல் இருக்கலாம்.

4. சுகமில்லாத மாணவருக்கு என்ன சலுகை? பரீட்சைக்குக் கூடுதல் நேரம், குறைந்த பாடங்கள் என்று ஒழுங்கு செய்து கொடுக்க ஒவ்வொரு இடத்திலும் ஒரு அலுவலகம் உண்டு. நோயின் பெயரை அந்த அலுவலகத்துக்குச் சொல்லத் தேவையில்லை என்பதை ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2016இல் தெளிவாக்கியது. படிப்பில் என்ன தடை இருக்கிறது என்று வைத்தியர் எழுதினால் போதும். நீண்டகால உளப் பாதிப்பு உள்ளவர் என்று ஓசாப் ஏற்றுக்கொண்டால், முழுப் பாடச்சுமையில் 40 வீதம் எடுத்தாலே முழுநேர மாணவராகக் கணிப்பார்கள்.

5. ஒரு பாடத்தை விட வேண்டி வந்தால் கடைசித் திகதி எது? ஒரு தவணை நின்றுவிட்டுத் திரும்பி வர முடியுமா? அந்த அண்ணனின் மகனுக்கு இது ஐப்பசியில் தெரிந்திருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும்.

6. தமிழில் பேச வழி உண்டா? சில இடங்களில் பல மொழிகளில் இயங்கும் 24 மணி நேரத் தொலைபேசிச் சேவை உண்டு.

தூரத்தையும் இந்தக் கணக்கில் சேருங்கள். தூர நகரத்தில் தனி அறை எடுத்து இருக்கப் போகும் பிள்ளைக்கு அங்கே தெரிந்த ஒருவராவது உண்டா? வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளை நாளுக்கு நாலு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்தால் எப்போது நித்திரை கொள்ளும்? சென்ரெனியல், செனெக்கா போன்ற கல்லூரிகளில் தொடங்குவதும் குறைவான காரியம் அல்ல. அங்கிருந்து பின்னர் பல்கலைக்கழகம் போக வழி இருக்கிறது.

பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். காசு நாங்கள் கட்டினாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் புள்ளிகளையோ உளவளத்துணையில் பேசியதையோ எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு விதம். இது எங்களுக்குக் கஷ்டமாக இருக்கலாம். ஆனால் வீட்டுக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்தான் பல பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். உதவி பெற்றது பட்டச் சான்றிதழிலோ புள்ளி அறிக்கையிலோ எழுதப்படுவதுமில்லை. நாளைக்குக் கலியாணம் பேசும்போது தடையாகும் என்று பயப்பட வேண்டாம்.

இந்தக் கேள்விகளை வெளிப்படையாகக் கேட்பதில் இன்னொரு பயனும் உண்டு. என் அக்காவின் மகளுக்கு இடம் பார்க்க நானும் கூடப் போனேன். "தம்பி, இதையெல்லாம் ஏன் கேட்கிறாய்? பிள்ளைக்கு ஏதோ இருக்கென்று நினைப்பினம்" என்று அக்கா என் கையைப் பிடித்தா. நான் கேட்டேன். அங்கே நின்றவர் ஒரு வித்தியாசமும் காட்டாமல் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நிலையத்தைக் காட்டினார். திரும்பி வரும்போது மருமகள் சொன்னாள்: "மாமா, எனக்கு ஏதும் வந்தால் உங்களுக்குச் சொல்லலாம் என்று இப்ப தெரியுது." அக்கா ஒன்றும் பேசவில்லை. அடுத்த இடத்துக்குப் போனபோது அவவே அந்தக் கேள்வியைக் கேட்டா.

இரண்டு இலக்கங்களைக் குறித்து வையுங்கள். ஒன்ராறியோ உயர்கல்வி மாணவருக்கு 2013 முதல் இயங்கும் 'குட் ரு ரோக்' என்ற இலவசத் தொலைபேசிச் சேவை: 1-866-925-5454. தற்கொலை எண்ணம் வந்தவர்களும் அவர்களைப் பற்றிக் கவலைப்படுபவர்களும் கனடா முழுவதிலும் எந்த நேரமும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அழைக்கக்கூடியது, 2023 கார்த்திகையில் தொடங்கிய 9-8-8. பிள்ளையின் தொலைபேசியில் மட்டுமல்ல, உங்களுடையதிலும் பதிந்து வையுங்கள்.

பட்டம் ஒரு வருடம் பிந்தி வந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அதை வாங்கப் பிள்ளை சுகமாக இருக்க வேண்டும்.