கைந்நூலா, நியமமா? கொதிகலன் புகைக்குழாய் தரும் பாடம்

ஒரு பொறியைச் செய்தவர் தம் கைந்நூலில் ஓர் அளவைக் கூறுகிறார். நாட்டின் நியமமோ வேறோர் அளவைக் கூறுகிறது. பொருத்த வந்த தொழிலாளி எதனைக் கைக்கொள்வது? மேலோட்டமாகப் பார்ப்போருக்கு இது சிறியதொரு தொழில்நுட்பச் சிக்கலாகவே தோன்றும். ஆனால் பிரித்தானிய இல்லங்களில் எரிவாயுக் கொதிகலனைப் பொருத்துவோருக்கு இது மனித உயிரோடு தொடர்புடைய வினாவாகும்.

குளிர் மிகுந்த அந்நாட்டில், வீட்டை வெப்பமூட்டவும் குளிக்க வெந்நீர் பெறவும் எரிவாயுக் கொதிகலனே பெரிதும் பயன்படுகின்றது. எரிவாயு செவ்வனே எரிந்தால் காபனீரொட்சைட்டும் நீராவியும் உண்டாகும். ஒட்சிசன் போதாதவிடத்து காபனோரொட்சைட்டு என்னும் நஞ்சு பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையுடன் பிணைவது. உறங்குகின்றவர் விழித்தெழாமலே இறக்கவும் கூடும். இந்த நஞ்சை மனையிலிருந்து வெளியேற்றும் வழியே புகைக்குழாய்.

புகைக்குழாய் அமைப்பு இரு வகைப்படும். பழைய வகைக் கொதிகலன் அறைக்குள்ளிருக்கும் காற்றையே எடுத்து எரித்து, புகையை மேலே போக்கும். இக்கால வகையோ அறையோடு தொடர்பற்று மூடப்பட்டது; வெளிக்காற்றைக் குழாய்வழி உள்ளிழுத்து, விசிறியின் துணையால் புகையை வெளியே தள்ளும். 2005 ஏப்பிரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிய எரிவாயுக் கொதிகலன்கள், ஒரு சில விலக்குகள் நீங்கலாக, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்கொள்ளும் ஒடுக்க வகையினவாக இருத்தல் வேண்டும்.

இவற்றைப் பொருத்துவோர் மூன்று அதிகாரங்களுக்குச் செவிசாய்க்க வேண்டியவராவர். முதலாவது சட்டம், அதாவது 1998ஆம் ஆண்டின் எரிவாயுப் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள். இரண்டாவது, கட்டட ஒழுங்குவிதிகளுக்கு வழிகாட்டும் 'ஜே' என்னும் அங்கீகரிக்கப்பட்ட ஆவணமும், பி.எஸ். 5440 என்னும் பிரித்தானிய நியமமும். மூன்றாவது, கொதிகலனோடு பெட்டிக்குள் வரும் கைந்நூல்.

இவை முரண்படுவது எங்ஙனம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விசிறியுள்ள கொதிகலனின் குழாய்வாய், கூரைப் பீலிக்குக் கீழே 75 மில்லிமீற்றராவது தள்ளியிருத்தல் வேண்டும் என்பது பொது வழிகாட்டல். ஆயினும், சில உற்பத்தியாளரின் கைந்நூல்கள் 25 மில்லிமீற்றரே போதும் என்கின்றன. கைந்நூல் தவறுடையதா? அன்று. பொது அளவு எல்லாக் கொதிகலன்களுக்கும் பொதுவாக வகுக்கப்பட்டது. கைந்நூலின் அளவோ குறித்த ஒரு கொதிகலனையும் அதற்கே உரிய குழாயையும் ஒருங்கே சோதித்துப் பெறப்பட்டது. ஆகையால், மூடிய வகைக் கொதிகலனைப் பொறுத்தமட்டில், அப்பொறிக்கே உரிய கைந்நூல் கூறுவதே பொது வழிகாட்டலுக்கு முற்பட்டதாகக் கொள்ளப்படும். கைந்நூல் கூடுதலான இடைவெளி கேட்குமாயின் அதற்கும் பணிதல் வேண்டும். கைந்நூல் வாய் திறவாத இடத்தில் நியமமே பேசும்.

கைந்நூலைப் புறக்கணிப்பதால் விளையும் கேட்டினைக் குழாயின் சரிவிலே காணலாம். பழைய விசிறிக் கொதிகலன்கள் பலவற்றில், மழைநீர் உட்புகாவண்ணம் குழாய் வெளிப்புறம் சரிந்திருந்தது. ஒடுக்க வகையிலோ, குழாயினுள் ஊறும் அமிலத்தன்மையுள்ள நீர் கொதிகலனுக்கே திரும்பி வடிகாலை அடைய வேண்டியிருப்பதால், குழாய் பொதுவாக உட்புறம் சரிந்திருத்தல் வேண்டும். பழக்கத்தையே நம்பி வெளிப்புறம் சரித்துவிட்டால், அந்நீர் குழாய்வாயினின்று சொட்டும். குளிர்காலத்தில் உறைந்துபோகவும் கூடும். ஒரு நிறுவனத்தின் கொதிகலனுக்கு மற்றொரு நிறுவனத்தின் குழாயைப் பொருத்துவதும் அத்தகைய தவறே. பார்வைக்குப் பொருந்தினாலும், அந்த இணைப்பைச் சோதித்தவர் எவருமிலர்.

இங்ஙனமாயின் கைந்நூலே இறுதிச் சொல்லா? இல்லை. சட்டத்துக்கு மேற்பட்ட கைந்நூல் கிடையாது. குளியலறையில் மூடிய வகைக் கொதிகலனையே வைக்கலாம் என்பது சட்டம். இதற்கு மாறாக எந்தக் கைந்நூலும் அனுமதி தர இயலாது. எவருக்கும் ஆபத்து விளையாதெனில் மாத்திரமே கொதிகலனைப் பொருத்தலாம் என்பதும் சட்டமே. கைந்நூலை எழுதியவர் குறித்த வீட்டைக் கண்டவரல்லர். அயலவரின் சாளரம் எங்கே உளது, ஒடுங்கிய சந்தில் புகை கலையுமா, தேங்குமா என்பவற்றைப் பொருத்துபவரே நேரிற் கண்டு தீர்மானிக்க வேண்டும். பின்னாளில் வீட்டுக்காரர் குழாய்வாய்க்கு அருகே புதிதாகச் சாளரம் திறந்து, அதனால் பாதுகாப்புக் கெடுமாயின், அந்த மாற்றமும் சட்டத்துக்கு முரணானது.

2008ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், புதிய அடுக்குமாடி வீடொன்றில் வாழ்ந்த இளம்பெண் ஒருவர் காபனோரொட்சைட்டால் மாண்டார். கூரைத்தட்டின் உள்ளே மறைந்திருந்த புகைக்குழாயின் பொருத்து பிழைபட்டிருந்தமையே காரணம். மறைந்த குழாயை எவரும் பார்க்க இயலாது. பார்க்க இயலாததைச் சோதிக்கவும் இயலாது. ஆகவே, அத்தகைய குழாய்களின் பொருத்துகளைக் காண்பதற்கு 300 மில்லிமீற்றர் சதுர அளவிலேனும் திறப்புகள் அமைத்தல் வேண்டும் என்று வலியுறுத்தப்பட்டது. 2013 தொடக்கம், திறப்பில்லாத இத்தகைய கொதிகலன்கள் ஆபத்துக்கு இடமானவை எனக் கொள்ளப்பட்டன.

இன்று அந்நாட்டில் வாடகைக்குக் குடியிருக்கும் எண்ணற்றோருள் இலங்கைத் தமிழரும் பலர். அவர்கள் அறிந்திருக்க வேண்டியவை மூன்று. பொருத்துபவர் 2009இல் தொடங்கிய 'கேஸ் சேஃப்' பதிவேட்டில் இடம்பெற்றவராக இருத்தல் வேண்டும். அவர் கைந்நூலை வீட்டிலேயே விட்டுச்செல்லச் சட்டத்தாற் கடமைப்பட்டவர். வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஆண்டுதோறும் தமக்குரிய எரிவாயுப் பொறிகளையும் புகைக்குழாய்களையும் சோதிப்பித்து, 28 நாளுக்குள் அதன் பதிவைக் குடியிருப்போருக்கு வழங்குதல் வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டுப் பெறுதல் குறைசொல்லுதல் ஆகாது. அது குடியிருப்பவரின் உரிமை.

முடிவாகக் கூறின், சட்டம் எல்லையை வகுக்கின்றது. கைந்நூல் அந்தப் பொறியின் இயல்பைக் கூறுகின்றது. நியமம் கைந்நூல் கூறாது விட்டதை நிரப்புகின்றது. இம்மூன்றையும் அறிந்தவர், இறுதியில் சுவரின் முன் நின்று தம் கண்ணாலும் காணல் வேண்டும். எத்தனை ஏடுகளைப் புரட்டினும், அந்த வீட்டில் அன்றிரவு உறங்கப்போகிறவரை நினைந்து குழாயைப் பூட்டுபவரே நல்ல தொழிலாளி.