அரை கிராம் தங்கம், ஒரு தீவின் பெயர்

பசிபிக் கடலில் இருக்கும் நியுவே தீவில் இரண்டாயிரம் பேர்கூட வசிக்கவில்லை. கடைகளில் புழங்குவது நியூசிலாந்து டாலர். ஆனால், நாணயச் சேகரிப்பாளர்களின் ஆல்பங்களில் நியுவேக்குத் தனி இடம் உண்டு. 2011-ல் ஸ்டார் வார்ஸ், அடுத்து டிஸ்னி என்று திரைப்படப் பாத்திரங்கள் பொறித்த நாணயங்கள் அதன் பெயரில் வெள்ளியிலும் தங்கத்திலும் வந்துகொண்டே இருக்கின்றன. இன்னொரு பசிபிக் தீவு நாடான பலாவு இன்னும் ஒரு படி மேல். கடல் உயிர்களைக் காக்கச் சொல்லி அதன் பெயரில் 1992-ல் நாணயம் வந்துவிட்டது. நாடு சுதந்திரம் பெற்றதே 1994-ல்தான்.

இவற்றை அச்சடிப்பது வெளிநாட்டு நாணயச்சாலைகள். தீவு அரசு பெயரைத் தந்து உரிமத்தொகை வாங்கிக்கொள்கிறது. வேறு வருமானம் குறைந்த நாடுகளுக்கு இது நல்ல உதவி என்று சொல்பவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது.

என் கவலையெல்லாம் வாங்குபவரைப் பற்றித்தான். பலாவு பெயரில் வரும் அரை கிராம் தங்க நாணயத்தைப் பாருங்கள். 11 மில்லிமீட்டர் விட்டம், சட்டைப் பொத்தான் அளவு. முகமதிப்பு 1 டாலர். நம் கணக்கில் ஒரு பவுனில் பதினாறில் ஒரு பங்கு. தங்கத்தின் விலையோடு அச்சுக்கூலி, பட உரிமம், பெட்டி, சான்றிதழ், தபால் செலவு எல்லாம் அதன் தலையில் ஏறுகின்றன. எடை குறையக் குறைய இந்தச் சுமை கூடும். சிறுகச் சிறுகச் சேர்க்கலாம் என்று நினைக்கும் குடும்பங்களுக்குத்தான் அடி. அவசரத்துக்கு விற்கப் போனால், நகைக்கடையில் உரசிப் பார்த்து, எடைபோட்டு, தங்கத்துக்கு மட்டுமே பணம் தருவார்கள்.

‘குறைந்த எண்ணிக்கையில் மட்டும்’ என்ற வாசகத்தையும் நம்ப வேண்டாம். எண்ணிக்கை வரம்பு அந்த ஒரு படத்துக்குத்தான். அடுத்த ஆண்டு வேறு படம் வரும். அதற்கும் அதே வாசகம்.

சேகரிக்க ஆசைப்படுபவர்கள் அதே பசிபிக்கில் உள்ள டோங்காவின் 1962 தங்க நாணயங்களைத் தேடலாம். தன் சொந்த அரசி சலோத்தேயின் உருவத்தோடு அந்த நாடு வெளியிட்டவை அவை. பெரியது 32.5 கிராம்; நான்கு பவுனுக்குக் கொஞ்சம் கூடுதல். மறு ஆண்டே அவற்றின் நினைவாகத் தங்கத் தாளில் வட்டத் தபால்தலைகளையும் டோங்கா வெளியிட்டது.

எந்த நாணயமானாலும், வாங்கும் முன் எடையை அன்றைய தங்க விலையால் பெருக்கிப் பாருங்கள். அதற்கு மேல் கொடுப்பது திரும்பி வராது என்று முடிவு செய்துகொண்டு வாங்குங்கள்.