கூப்பிடு தூரத்தில் ஒரு மூளை!

செல்போனின் வேலையை வாங்கிச் செய்யும் கம்ப்யூட்டர்கள்

"நாளைக்கு மழை வருமா?" என்று செல்போனைப் பார்த்து ஒருவர் கேட்கிறார். செல்போன் உடனே பதில் சொல்கிறது.

பதிலைக் கண்டுபிடித்தது எது? கையில் இருக்கும் செல்போனா?

பெரும்பாலும் அது அல்ல!

2011-ம் ஆண்டில் ஆப்பிள் கம்பெனி "சிரி" என்ற பேசும் உதவியாளை ஐபோனில் வைத்தது. பேசியவரின் குரல் தொலைவில் இருந்த பெரிய கம்ப்யூட்டர்களுக்குப் போயிற்று. அங்கேதான் பேச்சு எழுத்தாக மாறியது. பிறகு பதில் திரும்பி வந்தது. அப்போது இன்டர்நெட் இல்லாத இடத்தில் சிரி வாய் திறக்கவில்லை! பேச்சைப் புரிந்து கொள்ளும் வேலையைப் புதிய ஐபோன்கள் தாங்களே செய்யத் தொடங்கியது 2021-ம் ஆண்டில்தான்.

உரலும் மில்லும்

செல்போனும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிறகு ஏன் அது பிறர் உதவியை நாடுகிறது?

செல்போன் சட்டைப் பையில் அடங்க வேண்டும். ஆகவே அதன் பாட்டரி சிறியது. சூட்டைத் தணிக்க விசிறி வைக்க இடம் இல்லை. கடினமான கணக்குகளை ஓயாமல் போட்டால், அது சூடாகிவிடும். பாட்டரியும் தீர்ந்துவிடும்.

ஒரு படி அரிசியை வீட்டு உரலில் இடித்துவிடலாம். ஒரு மூட்டை அரிசி என்றால் மில்லுக்குத்தான் கொண்டு போக வேண்டும். செல்போன் செய்வதும் அதுதான். பெரிய வேலையை மில்லுக்கு அனுப்புகிறது.

ஆனால் ஒரு கைப்பிடி அரிசிக்காக யாராவது மில்லுக்குப் போவார்களா? போகிற அலைச்சலே அதிகம். செல்போனிலும் அப்படியே. விவரங்களை வெளியே அனுப்புவதற்கும் பாட்டரி செலவாகிறது. ஆகவே, "எந்த வேலையைக் கையிலேயே செய்வது, எதை வெளியே அனுப்புவது" என்று தானே கணக்குப் பார்க்கும் ஏற்பாட்டை 2010-ம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் செய்து காட்டினார்கள்.

மேகம் தரையில் இருக்கிறது

தொலைவில் உள்ள இந்தக் கம்ப்யூட்டர் நிலையங்களுக்கு "கிளவுட்" என்று பெயர். கிளவுட் என்றால் மேகம். பெயர்தான் மேகம்! இருப்பது தரையில், பெரிய பெரிய கட்டடங்களில். ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அங்கே இரவு பகலாக வேலை செய்கின்றன.

அவற்றுக்குச் சக்தி அதிகம். குறை ஒன்றுதான். அவை தூரத்தில் இருக்கின்றன.

கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். நிலையம் 5 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், போய்த் திரும்ப ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு ஆகும். வழியில் உள்ள இணைப்பு நிலையங்களில் நிற்கும் நேரம் வேறு. ஒளியைவிட வேகமாக எதையும் அனுப்ப முடியாது. எவ்வளவு பணம் கொட்டினாலும் நடக்காது!

மழை வருமா என்று கேட்பவருக்கு இந்தத் தாமதம் தெரியாது. ஆனால் சில வேலைகளுக்கு ஒவ்வொரு கணமும் முக்கியம்.

சென்னையில் படித்தவர்

இந்தச் சிக்கலுக்கு வழி சொன்னவர்களில் ஒருவர் மகாதேவ் சத்தியநாராயணன். சென்னை ஐ.ஐ.டி.யில் 1975-ம் ஆண்டில் பட்டமும், 1977-ம் ஆண்டில் மேல்பட்டமும் பெற்றவர். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

2009-ம் ஆண்டில் அவரும் வேறு மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். "தூரத்து மேகம் போதாது. பக்கத்திலேயே குட்டி மேகங்கள் வேண்டும்" என்பது அதன் சாரம். ஊருக்கு வெளியே உள்ள பெரிய மில்லோடு, தெருமுனையிலும் ஒரு சிறு மில் வைப்பது போல!

அந்தக் கட்டுரையில் ஒரு கற்பனை மனிதர் வருகிறார். பெயர் ரான். அவருக்கு நினைவு மங்கும் அல்சைமர் நோய். நண்பர்கள், உறவினர்களின் பெயர்கூட நினைவுக்கு வருவதில்லை. அவர் அணியும் மூக்குக் கண்ணாடியில் ஒரு காமிரா. எதிரில் வருகிறவரைப் பார்த்து, அவர் யார் என்று அது காதில் சொல்லும்.

சொல்வது உடனே சொல்ல வேண்டும்! பேரன் வாசலைத் தாண்டிப் போன பிறகு அவன் பெயரைச் சொல்லி என்ன பயன்?

பந்து காத்திருக்காது

2014-ம் ஆண்டில் சத்தியநாராயணன் குழுவினர் கூகிள் கம்பெனியின் காமிராக் கண்ணாடியை வைத்து இதைப் பரிசோதித்தார்கள். பின்னர், மேஜைப் பந்து ஆடுகிறவருக்கு "இடப்பக்கம் அடி", "வலப்பக்கம் அடி" என்று சொல்லும் துணையையும் செய்தார்கள். பந்து யாருக்காகவும் காத்திருக்காது. பக்கத்துக் கம்ப்யூட்டரின் அருமை அங்கே தெரிந்தது.

2014-ம் ஆண்டிலேயே ஐரோப்பியத் தொலைத்தொடர்பு தர நிர்ணய நிறுவனம் இதற்கான பொது விதிகளை வகுக்க ஒரு குழுவை அமைத்தது. இம்முறைக்கு "எட்ஜ்" என்று பெயர். எட்ஜ் என்றால் விளிம்பு. செல்போன் கோபுரங்களுக்கு அருகிலும், தொழிற்சாலைகளுக்கு உள்ளேயும் இத்தகைய கம்ப்யூட்டர்களை வைக்கிறார்கள்.

முகம் எங்கே போகிறது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. காமிராவில் வீட்டாரின் முகம் பதிகிறது. வழியில் போகிறவர்களின் முகமும் பதிகிறது. அவை எல்லாம் முன்பின் தெரியாத கம்ப்யூட்டர்களுக்குப் போகலாமா?

பக்கத்துக் கம்ப்யூட்டர் இங்கும் உதவும். வேண்டாத முகங்களை அங்கேயே மறைத்துவிட்டு, மீதியை மட்டும் வெளியே அனுப்பும் முறையைக் கார்னகி மெலன் ஆராய்ச்சியாளர்கள் 2017-ம் ஆண்டில் செய்து காட்டினார்கள்.

சிறு வேலை கையில். அவசர வேலை பக்கத்தில். பெரிய வேலை தூரத்தில். இப்படிப் பிரித்துக் கொண்டால் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கம்ப்யூட்டருக்குச் சக்தி இருந்தால் மட்டும் போதாது. வேண்டிய நேரத்தில் அது கூப்பிடு தூரத்திலும் இருக்க வேண்டும்!