மூலையில் இருக்கும் இரண்டு எழுத்து

உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான ‘பென்னி பிளாக்’ அப்படியொன்றும் அபூர்வமான பொருள் அல்ல. 1840 மே 6 முதல் பிரிட்டனில் செல்லுபடியான இந்தக் கறுப்புத் தலையை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் அச்சடித்துத் தள்ளினார்கள். இன்றும் ஏலத்துக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஆனால், பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு விலை போகும். எந்தத் தகட்டில் அச்சானது என்பதுதான் வித்தியாசம். தகட்டின் எண்ணோ தாளின் ஓரத்தில் மட்டும்தான் இருந்தது, தனித்தலையில் கிடையாது. பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

லண்டனில் இதை அச்சிட்டது பெர்கின்ஸ், பேக்கன் அண்ட் பெட்ச் நிறுவனம். விக்டோரியா அரசியின் முகத்தைச் சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃபிரெடரிக்கும் எஃகில் செதுக்கிக் கொடுத்தார்கள். அந்த எஃகைக் கடினமாக்கி, மென்மையான எஃகு உருளை ஒன்றில் உருவத்தை அழுத்தி எடுத்தார்கள். அந்த உருளையையும் கடினமாக்கி, பெரிய தகட்டின்மேல் 240 முறை உருட்டிப் பதித்தார்கள். வரிசைக்கு 12 தலை, மொத்தம் 20 வரிசை. அன்றைக்கு 12 பென்னி ஒரு ஷில்லிங், 240 பென்னி ஒரு பவுண்டு. வரிசையாக வெட்டி விற்கவும் கணக்குப் பார்க்கவும் அஞ்சலகத்தாருக்குத் தோதாக இருந்தது.

இதுவரை எல்லாம் அச்சு அசல் ஒரே மாதிரி. கடைசியில்தான் மனிதக் கை நுழைகிறது. ஒவ்வொரு தலையின் கீழ் மூலைகளிலும் வெற்றுக் கட்டம் விட்டிருந்தார்கள். இடக் கட்டத்தில் வரிசையைக் குறிக்கும் ஆங்கில எழுத்து, வலக் கட்டத்தில் அந்த வரிசைக்குள் இடத்தைக் குறிக்கும் எழுத்து. இடப்பக்கம் ‘ஜி’, வலப்பக்கம் ‘சி’ என்றிருந்தால் ஏழாவது வரிசையில் மூன்றாவது. தாளின் 75-வது தலை. ஒரே தலையைத் திரும்பத் திரும்ப அச்சடிக்கும் கள்ள அச்சுக்காரர் மாட்டிக்கொள்வார் என்பது கணக்கு. சினிமா டிக்கெட்டில் வரிசையும் இருக்கை எண்ணும் இருப்பது மாதிரிதான். ஆனால், எந்தத் தியேட்டர்? பென்னி பிளாக்குக்கு மொத்தம் 11 தகடுகள். ‘ஜி–சி’ தலை பதினொன்றிலும் உண்டு.

விடை அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது. அவற்றை எந்திரம் பதிக்கவில்லை. எழுத்து முனை கொண்ட எஃகு அச்சை ஒரு தொழிலாளி கட்டத்துக்குள் கண்மதிப்பாக நிறுத்தி அடித்தார். ஒரு தகட்டுக்கு 480 எழுத்து. எத்தனை கைதேர்ந்தவரானாலும் எல்லா எழுத்தும் நட்டநடுவில் நேராக விழுமா? ஒரு தகட்டின் ‘ஜி’ இடக்கோட்டை ஒட்டி நிற்கும். இன்னொன்றில் சாய்ந்திருக்கும். வேறொன்றில் கீழ்க்கோட்டைத் தொடும். எழுத்து விட்டுப்போனதும் உண்டு. பின்னால் வந்த சிவப்புத் தலையின் 77-வது தகட்டில், இரண்டாம் வரிசையின் முதல் தலையில் ‘பி’ மட்டும் இருக்கிறது. பக்கத்தில் ‘ஏ’ இருக்கவேண்டிய கட்டம் காலி.

ஆக, பூதக்கண்ணாடியுடன் உட்காருபவர் முதலில் இரண்டு எழுத்தையும் படித்து இடத்தைக் குறித்துக்கொள்கிறார். பிறகு அந்த இடத்துக்குரிய 11 தகட்டுப் படங்களையும் வரிசையாக வைத்து, எழுத்துக்கும் கட்டத்தின் நான்கு கோடுகளுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிடுகிறார். தகட்டில் அளவுக்காகக் கீறி, அழிக்காமல் விட்ட மெல்லிய கோடுகளும் சாட்சி சொல்லும். மொத்தம் 2,640 சாத்தியங்கள். இவற்றைப் படங்களோடு தொகுத்து 1922-இல் சார்லஸ் நிசென் வெளியிட்ட நூல் இந்தத் துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. சேகரிப்பாளர்கள் இந்த வேலையை ‘பிளேட்டிங்’ என்பார்கள்.

தகடும் சும்மா இருப்பதில்லை; தேயும். முதல் தகடு சீக்கிரமே தேய்ந்துவிட, உருளையை மறுபடி அதன்மேல் உருட்டினார்கள். பழைய கோட்டின்மேல் புதுக்கோடு துல்லியமாக விழாத இடங்களில் இரட்டைக் கோடு தெரியும். அதனால் முதல் தகட்டை 1ஏ, 1பி என இரண்டாகவே கணக்கிடுகிறார்கள்.

கறுப்புத் தலையின் ஆயுள் குறைவு. அதன்மேல் குத்திய சிவப்பு முத்திரையை அழித்துவிட்டுத் தலையை மீண்டும் ஒட்டிவிடுவார்களோ என்ற பயம் அதிகாரிகளுக்கு. 1841 பிப்ரவரியில் தலையைச் சிவப்புக்கும் முத்திரையைக் கறுப்புக்கும் மாற்றினார்கள். பழைய தகடுகள் சிலவற்றிலேயே சிவப்பும் அச்சானது. ஆகவே ஒரே தகட்டில், ஒரே இடத்தில் பிறந்த கறுப்பையும் சிவப்பையும் ஜோடி சேர்ப்பது சேகரிப்பாளர்களுக்குத் தனிப் பித்து. சிவப்புக்காகவே தயாரான 11-வது தகட்டில் கறுப்பு மிகக் கொஞ்சமே அச்சானது. பென்னி பிளாக்கில் எல்லாரும் தேடுவது அதைத்தான்.

அந்தக் காலத்தில் தலைகளைச் சுற்றித் துளை கிடையாது, கத்திரியால்தான் வெட்டினார்கள். வாங்கப் போகிறவர் விலை கேட்பதற்கு முன்னால் கீழ்க் கட்டங்கள் இரண்டும் வெட்டுப்படாமல் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. அவை இல்லையென்றால், ‘இது பதினொன்றாம் தகடு’ என்பது பெரும்பாலும் விற்பவரின் வாய்ச்சொல்தான்.