விமானப் பயணமும் இன்சுலின் ஊசியும்

கொள்முதலுக்காக மும்பைக்கும் டில்லிக்கும் விமானத்தில் போய்வரும் வணிகர்கள் நம்மிடையே பெருகிவிட்டனர். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் நம்மில் குறைவில்லை. ஊசியைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்களோ என்று அஞ்சி, சிலர் மருந்தைப் பெரிய பெட்டியில் வைத்துக் கவுண்டரில் ஒப்படைத்து விடுகிறார்கள். அப்படிச் செய்யவே கூடாது. விமானத்தின் அடியறைக் குளிரில் மருந்து உறையக்கூடும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது, கொட்ட வேண்டியதுதான். பெட்டியே வேறு ஊருக்குப் போய்விட்டால் இராத்திரி ஊசிக்கு எங்கே போவது?

கைப்பையில் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். லண்டனில் 2006 ஆகஸ்டில் திரவ வெடிகுண்டுச் சதி வெளிப்பட்டதை அடுத்து, பல நாடுகளில் 100 மில்லி வரம்பு வந்தது. அதிலும் நோயாளியின் மருந்துக்கு விலக்கு உண்டு. நம் குப்பியோ வெறும் 10 மில்லிதான். டாக்டர் சீட்டும், லேபிளுடன் கூடிய அட்டைப்பெட்டியும் கையில் இருக்கட்டும். சீட்டிலும் டிக்கெட்டிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இனிஷியல் மாறினால் வீண் கேள்வி. சோதனைக்கு நிற்கும்போது, கேட்குமுன் நாமே சொல்லிவிட்டால் வேலை சுலபம்.

சிங்கப்பூர் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்க் குப்பியில் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அங்கே 100. அங்கே வாங்கிய மருந்தை நம் 40 யூனிட் சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். எடைக்கல் மாறிய கதைதான்; ஆனால் இங்கே நஷ்டம் உயிருக்கு. ஆகவே, தங்கும் நாட்களுக்கு மேல் சில நாட்களுக்கும் சேர்த்து, மருந்தும் சிரிஞ்சும் இங்கிருந்தே போகட்டும்.